ரிப்போர்ட்டில் நார்மல்

லைன்மேன் அண்ணன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ஸ்கேன் ஃபிலிமை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார். மின்வாரியத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கம்பம் ஏறியவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் யார் வீட்டிலாவது விளக்கு மினுக்கினால் ஈ.பி. ஆபீசுக்கு முன்னால் அவருக்குத்தான் போன் போகும். ஃபிலிமில் வரிசை வரிசையாக மூளை, குறுக்கே அறுத்து வைத்த முட்டைக்கோஸ் மாதிரி.

“தம்பி, நீதான் இந்த சயின்ஸ் சமாச்சாரமெல்லாம் எழுதுறியே. இதுல என்ன இருக்குன்னு சொல்லு.”

ஃபிலிம் அவருடைய மச்சானுடையது. மனைவியின் தம்பி. நாற்பது வயதுக்காரர், ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். ஆறு மாதமாகக் கடை திறக்கவில்லை. படுத்தால் தூக்கமில்லை, எழுந்தால் எழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். குளிக்கச் சொல்லி யாராவது கையைப் பிடித்து எழுப்ப வேண்டும். மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள். டிப்ரஷன் என்று சொல்லி மாத்திரை எழுதினார். தலைவலியும் இருக்கிறது என்றதால், எதற்கும் பார்த்துவிடலாம் என்று எம்.ஆர்.ஐ.யும் எழுதினார். நேற்று ரிப்போர்ட் வந்தது. நார்மல்.

“வீட்ல எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்துட்டாங்க. மெஷினே ஒண்ணுமில்லைன்னு சொல்லிடுச்சு, இவன் சும்மா படுத்துக் கிடக்கான், மாத்திரையை நிறுத்துங்கன்னு. உங்க அண்ணிக்கே அந்த எண்ணம்தான். நீ என்ன சொல்ற?”

இந்தக் கேள்வியை நான் பல வீடுகளில் பல குரல்களில் கேட்டிருக்கிறேன். பாதிக் குழப்பம் வார்த்தையிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். மாத வட்டி கட்ட முடியாத கவலைக்கும் மன அழுத்தம் என்கிறோம், ஆறு மாதம் ஆளைப் படுக்கையில் போடுகிற நோய்க்கும் மன அழுத்தம் என்கிறோம். இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு, முதலாவதைத் தாண்டி வந்த பெருமையில் இரண்டாவதைச் சோம்பேறித்தனம் என்கிறோம். நோய்க்கு மனச்சோர்வு என்றே சொல்லிப் பழகலாம்.

டீ வந்தது. அண்ணனிடம் அவர் தொழிலிலேயே ஒரு கேள்வி கேட்டேன். “கீழே நின்னு அண்ணாந்து கம்பியைப் பார்த்தா, அதுல கரண்ட் ஓடுதான்னு தெரியுமாண்ணே?”

“எப்படித் தெரியும்? பார்த்துட்டுத் தொட்டவன் எத்தனை பேரைத் தூக்கியிருக்கேன்.”

“உங்க கையில இருக்கிறது கம்பியோட போட்டோ. கம்பம் சாயலை, கம்பி அறுந்து தொங்கலை, மரம் எதுவும் விழுந்து கிடக்கலைன்னு மட்டும் சொல்லுது.”

ஃபிலிமைக் கீழே இறக்கினார்.

சாதாரண எம்.ஆர்.ஐ. மூளையின் உருவத்தைக் காட்டுகிறது. கட்டி, ரத்தக்கசிவு, அடைப்பினால் செத்துப்போன பகுதி, வீக்கம், சீழ் இவையெல்லாம் அதில் தெரியும். ஆள் மந்தமாகிப் போவதற்கு இவையும் காரணமாகலாம் என்பதால், இல்லை என்று தெரிந்துகொள்வது நல்லதே. தைராய்டுக்கு ரத்தம் எடுத்துப் பார்ப்பதும் அந்தக் கணக்கில்தான் சேரும். ரிப்போர்ட்டில் நார்மல் என்று இருந்தால் இவை எதுவும் இல்லை என்று அர்த்தம். மனச்சோர்வு இருக்கிறதா என்று அந்தப் படத்திடம் யாரும் கேட்கவே இல்லை.

“அப்ப கரண்ட் ஓடுறதைப் பார்க்கிற ஸ்கேன் இருக்கா?”

இருக்கிறது. அதற்கு முன்னால், மூளைக்குள் ஓட்டத்தைப் பார்க்கலாம் என்ற எண்ணம் எப்படி வந்தது என்பது ஒரு நல்ல கதை. மூளை உடம்பின் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான், ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது ஒன்றே தின்றுவிடுகிறது. எந்த மூலை அதிகமாக வேலை செய்கிறதோ அந்த மூலைக்கு அதிக ரத்தம் பாயும். இத்தாலியின் டூரின் நகரத்தில் இருந்த ஆஞ்சலோ மொஸ்ஸோ என்ற உடலியங்கியல் பேராசிரியருக்கு இது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிடிபட்டிருந்தது. மண்டையோட்டில் ஓட்டை விழுந்த ஒரு விவசாயியின் மூளைத் துடிப்பை அவர் பதிவு செய்துகொண்டிருந்தபோது தேவாலய மணி அடித்தது. துடிப்பு ஏறியது. ஜெபம் சொல்ல வேண்டிய நேரமா என்று கேட்டார், மறுபடியும் ஏறியது. பிறகு ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு தராசே செய்தார். படுக்கவைத்துச் சமன்படுத்திவிட்டு ஏதாவது யோசிக்கச் சொன்னால், ரத்தம் ஏறித் தலைப்பக்கம் சாயும் என்பது அவர் எதிர்பார்ப்பு.

“சிந்தனையை எடை போட்டிருக்காரு!” அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அடுத்த அறுபது வருஷத்தில் சிரிப்பு வாயுவை வைத்து ஒரு வழி பிறந்தது. அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் சீமோர் கெட்டி என்பவர் 1940களில் ஆட்களை அந்த வாயுவைக் கொஞ்சமாகச் சுவாசிக்கவைத்து, மூளைக்குப் போகிற ரத்தத்திலும் வருகிற ரத்தத்திலும் அது எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, முழு மூளையின் ரத்த ஓட்டத்தையும் கணக்கிட்டார். மனச்சிதைவு நோயாளிகளிடமும் அளந்தார். மற்றவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசமே இல்லை.

அண்ணன் டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: “மெயின் மீட்டரைப் பார்த்திருக்காரு. வீட்டு மொத்த யூனிட் அதேதான் ஓடும். கிச்சன்ல ஓடுதா, கிணத்து மோட்டார்ல ஓடுதான்னு மீட்டர் சொல்லாது.”

பாடப்புத்தகத்தில்கூட இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை. ஒவ்வொரு அறையாக அளக்கிற கருவி பெட் ஸ்கேன் உருவில் வந்தது. லேசான கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் போடுவார்கள். மூளையின் எந்தப் பகுதி அதிகமாக உழைக்கிறதோ அது அதிகம் உறிஞ்சும், கருவி அதைக் கண்டுபிடிக்கும். அந்தச் சர்க்கரையில் ஒட்டியிருக்கும் ஃபுளோரின் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். ரத்த ஓட்டத்தையே நேராகப் பார்க்கக் கதிரியக்க ஆக்சிஜன் கலந்த தண்ணீரைச் செலுத்துவதுண்டு. அது இரண்டே நிமிடத்தில் பாதியாகும். அதைத் தயாரிக்கிற இயந்திரம் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஆளும் தயாராகப் படுத்திருக்க வேண்டும்.

“டாங் டெஸ்டர்” என்றார் அண்ணன். கம்பியை அறுக்காமல், வாயைத் திறந்து கவ்வவைத்து லோடு பார்க்கிற கருவி.

அந்த டாங் டெஸ்டரை மனச்சோர்வின் மேல் பல வருஷம் பொறுமையாக வைத்துப் பார்த்தவர்களில் ஒருவர் ஹெலன் மேபெர்க். கலிபோர்னியாவில் 1956-ல் பிறந்தவர். அவர் மனநல மருத்துவர் இல்லை, நரம்பியல் மருத்துவர். இது முக்கியம். பக்கவாதமோ கைநடுக்கமோ வந்தால் நரம்பியல்காரர் முதலில் கேட்பது, மூளையில் எந்த இடம் என்றுதான். மனச்சோர்வைப் பற்றி அப்போதெல்லாம் செரடோனின் குறைந்துவிட்டது, கூடிவிட்டது என்று, சாம்பாரில் உப்பு பார்ப்பது போலத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். மேபெர்க் அங்கேயும் போய், எந்த இடம் என்று கேட்டார்.

ஆரம்பித்த விதம் கெட்டிக்காரத்தனமானது. பார்க்கின்சன் நோயாளிகளுக்குக் கை நடுங்கும், உடம்பு விறைக்கும். அவர்களில் பலருக்கு மனச்சோர்வும் வரும், பலருக்கு வராது. வியாதி ஒன்றேதான், ஒரு கூட்டத்துக்குச் சோர்வு, இன்னொரு கூட்டத்துக்கு இல்லை. இருவரையும் பெட் ஸ்கேனில் வைத்து ஒப்பிட்டார். 1990-ல் வெளியான அந்த ஆய்வில், சோர்வு வந்தவர்களிடம் மட்டும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையின் கீழ்ப்பகுதி மங்கிக் கிடந்தது. ஹண்டிங்டன் நோயாளிகளிடமும் சோர்வு வந்தவர்களைத் தேடிப் பார்த்தபோது இதே போன்ற மங்கல். ஊர் வேறு, டிரான்ஸ்பார்மர் வேறு, ஆனால் இருட்டு ஒரே தெருவில்.

அடுத்து வந்ததுதான் இருபத்தைந்தாம் எண். ஜெர்மானியரான கோர்பினியன் பிராட்மன் 1909-ல் மூளையின் மேற்பரப்பை உயிரணு அமைப்பின்படி பிரித்து 52 வரை எண் போட்டார். எண்களுக்கு நடுவே சில விட்டுப்போயிருக்கின்றன, அது இருக்கட்டும். மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் தடித்த நார்ப்பாலம் முன்பக்கம் முழங்கால் போல மடங்குகிறது. அந்த மடிப்புக்குக் கீழே, நட்டநடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பகுதி 25. அளவைப் பார்த்தால் அலட்சியமாகத் தோன்றும். அதன் தொடர்புகளைப் பார்த்தால் தோன்றாது. தூக்கம், பசி, இதயத் துடிப்பு இவற்றை ஆளும் ஆழப் பகுதிகளுக்கும், யோசித்துத் தீர்மானிக்கும் முன்மூளைக்கும், நினைவைப் பிடித்துவைக்கும் இடத்துக்கும் அங்கிருந்து நேராகவோ சுற்றியோ வழி இருக்கிறது. மச்சானுக்குப் பசியும் போய், தூக்கமும் போய், எழுந்திருக்கிற எண்ணமும் போய், எல்லாம் ஒன்றாகப் போவது ஏன் என்று கேட்டால், இப்படியொரு இடத்தைச் சந்தேகப்படுவது நியாயம்தான்.

1999-ல் வந்த ஆய்வில் அவர் குழு இரண்டு வகை ஆட்களைப் பார்த்தது. முதல் வகையினருக்கு எந்த நோயும் இல்லை. தங்கள் வாழ்க்கையிலேயே நடந்த துக்கமான சம்பவத்தை அவர்களை நினைக்கவைத்து, கண் கலங்குகிற நிலையில் ரத்த ஓட்டத்தை அளந்தார்கள். 25-ஆம் பகுதி ஏறியது, யோசனைக்கான முன்மூளையின் மேற்புறம் இறங்கியது. இரண்டாம் வகையினர் மனச்சோர்விலிருந்து தேறிக்கொண்டிருந்தவர்கள். அவர்களிடம் அப்படியே தலைகீழ்: 25 இறங்கியது, முன்மூளை ஏறியது. ஏற்றமரத்தின் இரண்டு முனை மாதிரி.

இந்த இடத்தில் அண்ணன் என்னை நிறுத்தினார்.

“இரு தம்பி. சாதாரணத் துக்கத்துக்கும் ஏறுதுங்கிற, நோய்க்கும் ஏறுதுங்கிற. லோடு ஏறினா மட்டும் ஃபால்ட்டுன்னு எப்படிச் சொல்லுவ? கல்யாண வீட்லயும்தான் லோடு ஏறும்.”

நியாயமான ஆட்சேபம். மேபெர்க்கும் அந்த ஏற்றத்தையே நோய் என்று சொல்லவில்லை. துக்கப்படுவதற்கு நமக்கெல்லாம் ஒரே வயரிங்தான். அப்பா இறந்தால் ஏறத்தான் வேண்டும். ஏறியது இறங்காமல் நிற்பதும், இறக்குகிற மேல்முனை இழுக்க முடியாமல் ஓய்ந்து கிடப்பதும்தான் கோளாறு என்று அவர் கண்டார். கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த பிறகும் சீரியல் லைட் எரிந்துகொண்டே இருக்கிறது. சுவிட்சைத் தேடினால் கை போகவில்லை.

“அதான்” என்றார். “இவன் என்னத்துக்கு அழறான்னே அவனுக்குத் தெரியலை. கேட்டா சொல்லத் தெரியலை.”

கடைக்காரர் இரண்டாவது ரவுண்டு டீயைக் கேட்காமலே வைத்தார்.

சரி, மாத்திரை இதில் எங்கே வருகிறது? 2002-ல் வந்த ஓர் ஆய்வை எனக்கு மிகவும் பிடிக்கும், கொஞ்சம் சங்கடமும் படுத்தும். மருத்துவமனையில் சேர்ந்திருந்த 17 ஆண்கள். சிலருக்கு ஃபுளுவாக்ஸெட்டின், சிலருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் சொல்லவில்லை. ஆறு வாரத்தை 15 பேர் முடித்தார்கள், 8 பேர் தேறினார்கள். அதில் 4 பேர் சாப்பிட்டது மருந்து, 4 பேர் சாப்பிட்டது வெற்று மாத்திரை. தேறியவர்களின் பெட் படத்தில் இரு தரப்பிலும் 25 இறங்கியிருந்தது, முன்மூளை ஏறியிருந்தது.

அண்ணன் முகம் மாறியது. “அப்ப வீட்ல சொல்றதுதானே சரி? மருந்து வேணாமே!”

இங்கேதான் அவசரப்படக் கூடாது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்கள் வெறுமனே இருக்கவில்லை. வார்டில் இருந்தார்கள், வேளைக்குச் சாப்பாடு, கவனித்துப் பேச ஆட்கள், குணமாகும் என்ற எதிர்பார்ப்பு. அதற்கும் மூளை அசைந்து கொடுக்கிறது என்பதுதான் கண்டுபிடிப்பு. மேலும், மருந்தில் தேறியவர்களிடம் மூளைத்தண்டு, நினைவுக்கான ஹிப்போகாம்பஸ் போன்ற அடிப்பகுதிகளில் கூடுதல் மாற்றங்கள் இருந்தன. வெற்று மாத்திரைக்காரர்களிடம் அவை இல்லை. இரண்டு வருஷம் கழித்து, பேச்சுச் சிகிச்சையில் தேறியவர்களையும் அவர் குழு பார்த்தது. அங்கே மாற்றம் வேறு வரிசையில் நடந்திருந்தது. முன்மூளையின் வேலை ஓரளவு தணிந்திருந்தது, ஓயாமல் யோசித்துக்கொண்டே இருந்த இடம் கொஞ்சம் அமைதியான மாதிரி. மருந்து அடியிலிருந்து மேலே போகிறது, பேச்சு மேலிருந்து கீழே வருகிறது என்று அப்போது விளக்கினார்கள். ஒரே ஊருக்கு இரண்டு பாதை.

எந்தப் பாதையிலும் போக முடியாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். மாத்திரைகள் மாற்றி மாற்றி, பேச்சுச் சிகிச்சை, ஷாக் வைத்தியம் எல்லாம் பார்த்தும் வருஷக்கணக்கில் எழாதவர்கள். மேபெர்க் கனடாவின் டொரண்டோவில் இருந்தபோது ஒரு துணிச்சலான யோசனை எழுந்தது. மாத்திரையில் தேறியவர்களிடம் 25 இறங்குகிறது என்றால், அதை நேராகவே இறக்கிப் பார்த்தால் என்ன? பார்க்கின்சன் நடுக்கத்துக்கு மூளைக்குள் மெல்லிய கம்பி இறக்கி மின்தூண்டல் கொடுக்கும் முறையை பிரான்சின் கிரெனோபிளில் அலீம் லூயி பெனாபிட் 1987-லேயே தொடங்கியிருந்தார். டொரண்டோவில் அந்தக் கையாள்கை தெரிந்த அறுவை மருத்துவர் ஆண்ட்ரெஸ் லொசானோ. கூடவே மனநல மருத்துவர் சிட்னி கென்னடி.

“மூளைக்குள்ள கரண்ட்டா?” அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எத்தனை வோல்ட்?”

நாலு வோல்ட் அளவில். நொடிக்கு 130 துடிப்பு. பேட்டரி காறை எலும்புக்குக் கீழே, நெஞ்சுத் தோலுக்கு அடியில். அங்கிருந்து கழுத்து வழியாகத் தோலுக்குள்ளேயே ஒயர். அவர் வேலை செய்த 11 கே.வி. லைனைப் பார்த்தால் இது டார்ச் லைட் கரண்ட். ஒரு சிறப்பு என்னவென்றால், கம்பி இறங்கும்போது நோயாளி முழித்திருப்பார். மண்டைத் தோலை மரத்துப்போகச் செய்தால் போதும், மூளைக்கு வலி தெரியாது. சரியான இடத்தைத் தொட்டுக் கரண்டைத் திறந்தபோது சில நோயாளிகள் அந்த மேசையிலேயே, யாரும் கேட்காமல், மாற்றத்தைச் சொன்னார்கள். உள்ளே இருந்த வெறுமை விலகுகிறது என்றார்கள். அறை திடீரென்று வெளிச்சமாகிவிட்டது போல, நிறங்கள் தெளிந்தது போல இருந்தது அவர்களுக்கு. அறை விளக்கை யாரும் தொடவில்லை.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருஷம் ஊருக்கு வெளிச்சம் போட்டவருக்கு அதில் சொல்ல என்ன இருக்கிறது.

2005-ல் வெளியான அந்த ஆய்வில் மொத்தமே 6 பேர். ஆறு மாதம் கழித்து 4 பேர் நல்ல முன்னேற்றத்தில் இருந்தார்கள். உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்லியிருக்க மாட்டேன். அடுத்து நடந்ததுதான் ஆராய்ச்சி என்றால் என்ன என்பதைக் காட்டுகிறது.

கருவி செய்யும் நிறுவனம் ஒன்று அமெரிக்காவின் பல மருத்துவமனைகளில் பெரிய சோதனை தொடங்கியது. 90 பேருக்குக் கம்பி பொருத்தினார்கள். 60 பேருக்குக் கரண்ட், 30 பேருக்கு வெறும் கம்பி. ஆறு மாதம் யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. முடிவில் கரண்ட் ஓடியவர்களில் 20 சதவீதம் பேர் தேறினார்கள், ஓடாதவர்களில் 17 சதவீதம். வித்தியாசமே இல்லை என்று சொல்லிவிடலாம். இதற்கு மேல் நடத்திப் பயனில்லை என்று சோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

“சப்ஜாடா போச்சு” என்றார்.

போகவில்லை. பொருத்திய கம்பியைப் பலர் எடுக்க ஒப்புக்கொள்ளவில்லை, கரண்டோடு தொடர்ந்தார்கள். இரண்டு வருஷத்தில் பார்த்தால் ஏறக்குறைய பாதிப் பேர் முன்னேறியிருந்தார்கள். மேபெர்க் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்துக்கு மாறிய பிறகும் தன் நோயாளிகளை எட்டு வருஷம் வரை விடாமல் பார்த்துவந்தார். அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் வருஷா வருஷம் முன்னேற்றத்தைத் தக்கவைத்திருந்தார்கள். ஆறு மாதம் என்ற கெடு அவசரக் கெடுவாக இருந்திருக்கலாம். ஆனால் நெடுநாள் கணக்கில் ஒப்பிட வெறும் கம்பிக்காரர்கள் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. காலம் செய்ததா கரண்ட் செய்ததா என்று கேட்பவருக்கு இந்த எண்கள் முழுப் பதிலாகாது.

அதைவிட முக்கியமான பாடம் வேறு. தேறியவர்களையும் தேறாதவர்களையும் எடுத்து, கம்பி நுனி எங்கே நிற்கிறது என்று பார்த்தார்கள். மூளையின் வெள்ளை நார்களுக்குள் தண்ணீர் நாரின் போக்கிலேயே நகரும். அந்த நகர்வை எம்.ஆர்.ஐ.யில் பிடித்தால் நார் ஓடுகிற வழியை வரைந்துவிடலாம். வரைந்து பார்த்தால், தேறியவர்களிடம் கம்பி நுனி நாலு நார்க்கற்றைகள் கூடுகிற இடத்தில் இருந்தது. ஒன்று இரு பாதி முன்மூளையையும் இணைப்பது, ஒன்று பக்கவாட்டுக்குப் போவது, ஒன்று நடுவிளிம்பில் ஓடுவது, ஒன்று ஆழத்துக்கு இறங்குவது. தேறாதவர்களிடம் ஏதோ ஒன்றிரண்டு விட்டுப்போயிருந்தன. அதாவது 25 என்ற புள்ளியை மட்டும் குறிவைத்தால் போதாது, அங்கே கூடுகிற லைன்களைப் பிடிக்க வேண்டும்.

“நாலு பக்கம் லைன் பிரியற போஸ்ட்! அங்க ஒரு ஜம்பர் விட்டுப்போனா ஒரு தெருவே போயிடும். இதை என்கிட்ட முன்னாடியே கேட்டிருக்கலாம் அந்த டாக்டரம்மா.”

இந்த வரைபடத்தை வைத்து ஒவ்வொருவருக்கும் அவரவர் நார்களின்படி கம்பி இறக்கியபோது, 11 பேரில் 8 பேர் ஆறு மாதத்திலும் 9 பேர் ஒரு வருஷத்திலும் தேறினார்கள். சின்னக் கூட்டம், வெறும் கம்பி ஒப்பீடும் கிடையாது. இருந்தாலும் முந்தைய தோல்விக்குப் பிறகு இது பெரிய மாற்றம். 2023-ல் இன்னொரு படி. இப்போது வருகிற கருவிகள் கரண்ட் கொடுப்பதோடு அந்த இடத்தின் மின்துடிப்பைக் கேட்டுப் பதிவும் செய்கின்றன. 10 பேருக்குப் பொருத்தியதில் ஆறு மாத அளவில் 9 பேர் முன்னேறினார்கள், 7 பேர் நோயின் பிடியிலிருந்தே வெளியே வந்தார்கள். அந்தத் துடிப்பில், நோயாளி தேறிய நிலையில் இருக்கிறாரா இல்லையா என்று பிரித்துக் காட்டும் அடையாளம் ஒன்று கிடைத்தது. தேறிய பிறகு மறுபடி சரிந்த ஒருவரிடம், சரிவு வெளியே தெரிவதற்குப் பல வாரம் முன்னதாகவே அந்த அடையாளம் மாறத் தொடங்கியிருந்தது. மேபெர்க் இப்போது நியூயார்க்கின் மவுண்ட் சினாயில் இந்த வேலையைத் தொடர்கிறார். இன்னமும் இது சோதனைக் கட்டத்தில்தான். நம் நாட்டில், மனநோய்க்காக மூளையில் அறுவை செய்ய வேண்டுமானால் நோயாளியின் சம்மதமும் மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் வேண்டும் என்று 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் சொல்கிறது. மச்சான் முதல் மாத்திரையையே முழுசாகச் சாப்பிட்டு முடிக்காதவர். இந்தப் பேச்சு அவருக்கு வேண்டியதே இல்லை.

“அது கிடக்கட்டும்” என்றார் அண்ணன். “அந்த பெட் ஸ்கேனை எடுத்துப் பார்த்துட்டா என்ன? 25 ஏறியிருக்குன்னு ஒரு படம் கையில இருந்தா உங்க அண்ணி வாயைத் திறக்க மாட்டா.”

அவர் சுற்றிச் சுற்றி வந்து நிற்கிற இடம் இது. எல்லோரும் வந்து நிற்கிற இடமும் இதுதான். நான் சொன்ன ஏற்றமும் இறக்கமும் கூட்டத்தின் சராசரி. பத்திரிகையில் வருகிற சிவப்பும் நீலமும் பூசிய மூளைப்படம் எந்த ஒரு ஆளுடைய மூளையும் இல்லை. பல பேருடையதை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, கணக்குப் போட்டு, வித்தியாசம் தெரிகிற இடத்தில் சாயம் பூசியது. கணக்கில் கவனம் தப்பினால் சாயம் எங்கே வேண்டுமானாலும் ஏறும். 2009-ல் அமெரிக்காவில் கிரேக் பென்னட் என்பவர் கடையில் வாங்கிய செத்த சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, இவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று மீனிடம் கேட்டார். வேண்டிய திருத்தங்களைச் செய்யாமல் கணக்குப் போட்டால், மீனின் மூளையில் ஒரு சிவப்புப் பொட்டு வந்தது!

“மீன் என்ன சொல்லுச்சு?” என்றார் கடைக்காரர், அடுப்பிலிருந்து திரும்பாமலே.

சராசரி ஆண்கள் சராசரிப் பெண்களைவிட உயரம். அதற்காக ஐந்தரை அடி என்று மட்டும் சொன்னால் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியுமா? ஜெர்மனியில் 1,809 பேரை வைத்து ஓர் ஆய்வு 2022-ல் வந்தது. மனச்சோர்வு உள்ளவர்கள், இல்லாதவர்கள் இரு தரப்பையும் பலவிதமான எம்.ஆர்.ஐ. அளவுகளில் ஒப்பிட்டார்கள். எந்த அளவை எடுத்தாலும் இரு தரப்பும் 87 முதல் 95 சதவீதம் வரை ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. ஓர் ஆளின் படத்தை மட்டும் காட்டி நோய் உண்டா என்று சொல்ல முயன்றால், 54 முதல் 56 சதவீதம்தான் சரியாக வந்தது. காசைச் சுண்டிப்போட்டாலே 50.

“அப்ப இவ்வளவு படம் எடுத்து என்னதான் பிரயோஜனம்?” குரலில் கோபம் இருந்தது. அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது. அது மச்சானுக்காக வந்த கோபம்.

நோய் உண்டா என்று படத்திடம் கேட்டால் அது திணறுகிறது. கேள்வியை மாற்றிக் கேட்டால் கொஞ்சம் பேசுகிறது. 2013-ல் மேபெர்க் குழு, நோய் உறுதியான ஆட்களையே எடுத்துக்கொண்டு, சிகிச்சை தொடங்கும் முன் பெட் எடுத்தது. பாதிப் பேருக்கு எஸிடலோபிராம் மாத்திரை, பாதிப் பேருக்குப் பேச்சுச் சிகிச்சை. உடம்புக்குள் நடப்பதை உணரவைக்கும் இன்சுலா என்ற பகுதியின் வலது முன்புறம் யாரிடம் தணிந்திருந்ததோ அவர்கள் பேச்சில் தேறினார்கள், மாத்திரையில் தேறவில்லை. யாரிடம் ஏறியிருந்ததோ அவர்களுக்கு நேர்மாறு. நாலு வாரம் ஒரு மாத்திரை, பிறகு ஆறு வாரம் வேறொன்று என்று இப்போது தடவித் தடவிப் போகிறோம். முதல் நாளே எந்தப் பாதை என்று சொல்ல முடிந்தால் எத்தனை மாதம் மிச்சம்! ஆனால் அதுவும் ஆராய்ச்சிக்கூடத்தில்தான் இருக்கிறது. எந்த ஸ்கேன் சென்டரிலும் இதற்கு ரேட் கார்டு இல்லை, இருக்கிறது என்று யாராவது சொன்னால் பணம் கட்ட வேண்டாம்.

நோயைக் கண்டுபிடிக்கிற வேலையை இன்னும் பழைய முறைதான் செய்கிறது. எதிரே உட்கார்ந்து, எத்தனை நாளாக, தூக்கம் எப்படி, பசி எப்படி, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று கேட்பது. இவ்வளவு மின்சாரம் பாய்ச்சிய மேபெர்க்கின் ஆய்வுகளிலும், ஆள் தேறினாரா இல்லையா என்று கடைசியில் தீர்மானித்தது அப்படிக் கேட்டு மதிப்பெண் போடுகிற தாள்தான். 2023-ல் கிடைத்த அடையாளம்கூட அந்தத் தாளோடு பொருத்திப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

அண்ணன் ஃபிலிமைக் கவரில் செருகினார். செருகியவர் கவரைத் திருப்பி என் பக்கம் நீட்டினார். சட்டைப் பையிலிருந்து பேனா.

“நீ சொன்னதெல்லாம் எனக்கே வீட்டுக்குப் போறதுக்குள்ள மறந்துடும். உங்க அண்ணி படிக்கிற மாதிரி இதுல எழுது. நார்மல்னா என்னன்னு.”

கவரின் பின்பக்கத்தில் எழுதினேன்: கட்டி இல்லை. ரத்தக்கசிவு இல்லை. அடைப்பு இல்லை. டிப்ரஷன் இந்தப் படத்தில் தெரியாது.

வாங்கிப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

“கீழே இன்னொண்ணு சேரு. மாத்திரையை நிறுத்தக் கூடாது.”

“அதை டாக்டர் சொல்லணும்ண்ணே.”

“அவர் சொன்னதுதான். வியாழக்கிழமையே சொன்னார். நீ எழுது.”